ஆக மொத்தம் எங்கே? – வட்ட விளக்கப்படங்கள் பற்றி ஒரு கடைக்காரனின் கணக்குப் பார்வை

பட்ஜெட் வந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரு வட்டம். தேர்தல் முடிந்தால் தொலைக்காட்சியில் ஒரு வட்டம். மக்கள்தொகைக் கணக்கு வெளியானால் மதத்துக்கு ஒரு வட்டம், மொழிக்கு ஒரு வட்டம். இப்போதெல்லாம் சங்கங்களின் ஆண்டறிக்கையில்கூட வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று வட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கலர் கலராகத் துண்டு போட்டு வைத்திருக்கும் இந்தப் படத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வட்ட விளக்கப்படம்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘பை சார்ட்’. மாவுக்குள் பழமோ மற்றதோ வைத்துச் சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறும் பண்டம் அவர்களுக்குப் ‘பை’. நமக்குப் பை என்றால் துணிப்பை. என் தகப்பனார் காலத்து வியாபாரிக்கோ அது ஓர் அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்குக் காசு.

நான் கல்லூரியில் படித்தவன் இல்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம். படித்ததெல்லாம் கடையடைத்த பிறகு படித்தது. புள்ளியியல் அறிஞர்கள் சொல்ல வேண்டியதை இவன் ஏன் சொல்ல வருகிறான் என்று அன்பர்கள் கேட்கலாம். பேரேடு எழுதுகிறவனுக்கும் கணக்கைப் பற்றிப் பேசக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பதுதான் என் பதில். எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்தால் அடியில் ‘ஆக’ என்று எழுதி மொத்தத்தைப் போடுவோம். ‘ஆக’ இல்லாத பக்கத்தை யாரும் கணக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த வட்டப் படங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த ‘ஆக’ தான். வட்டம் பங்கைச் சொல்லும். எதில் பங்கு என்று சொல்லாது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இது நம்மைப் போல் மாநிலத்துக்கு வெளியே வாழ்கிறவர்களை எங்கே பாதிக்கிறது என்பதைக் கடைசிப் பகுதிகளில் சொல்கிறேன்.

வட்டம் பிறந்த கதை

வட்ட விளக்கப்படத்தை முதலில் அச்சிட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி இயந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். 1786-இல் வெளியிட்ட வணிக அட்லஸில் பட்டைப் படத்தையும் கோட்டுப் படத்தையும் உலகத்துக்குக் கொடுத்தார். பிறகு 1801-இல் லண்டனில் ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். அதில் துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று ஒரு வட்டத்தை மூன்றாக வகுத்துக் காட்டினார். அதுதான் முதல் வட்ட விளக்கப்படம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிளேஃபேர் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு வட்டம் போடவில்லை. பெரிய நாட்டுக்குப் பெரிய வட்டம், சிறிய நாட்டுக்குச் சிறிய வட்டம். 1858-இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் மினார், பாரீஸ் நகருக்கு எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு இறைச்சி போகிறது என்று நாட்டுப் படத்தின் மேலேயே வட்டங்கள் வரைந்தார். அவரும் சரக்கின் அளவுக்குத் தக்கபடி வட்டத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் போட்டார். ‘ஆக’ எவ்வளவு என்பதை இவர்கள் வட்டத்தின் உடம்பிலேயே வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்தத்தை விட்டுவிட்டார்கள்.

கண் தடுமாறும் இடம்

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2024 மக்களவைத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் சசி தரூர் பெற்ற வாக்கு 3,58,155. ராஜீவ் சந்திரசேகர் பெற்றது 3,42,078. பன்னியன் ரவீந்திரன் பெற்றது 2,47,648. விழுக்காட்டில் சொன்னால் ஏறக்குறைய 37.2, 35.5, 25.7. முதல் இருவருக்கும் இடையே 16,077 வாக்கு வித்தியாசம். வாக்கு எண்ணும் அன்று இந்த நகரமே அந்த வித்தியாசத்தை எண்ணி எண்ணித்தான் மூச்சு விட்டது.

இதை எண் எழுதாமல் வட்டத்தில் போட்டுப் பாருங்கள். முதல் துண்டு சுமார் 134 பாகை, இரண்டாவது துண்டு சுமார் 128 பாகை. கடிகாரத்தில் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவுதான் வித்தியாசம். இரண்டு துண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். யார் ஜெயித்தார் என்று படத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. என் பேத்தியிடம் இப்படி ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். “ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு தாத்தா” என்றாள். அதே எண்ணைப் பட்டையாகப் போட்டுக் கொடுத்தேன். முதல் பட்டை 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டாவது 9.55 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த வித்தியாசம்தான். ஆனாலும் இரண்டும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பார்த்த உடனே விரலை வைத்துவிட்டாள்.

இது என் வீட்டுச் சோதனை மட்டும் இல்லை. 1984-இல் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இருவர் ஆட்களை உட்காரவைத்துப் பரீட்சை செய்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதில் நம் கண் தேர்ந்தது. கோணங்களை ஒப்பிடுவதில் தேர்ச்சி குறைவு. பட்டையில் கிடைக்கும் துல்லியம் கோணத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். கோணத்தைப் பார்க்கிறோமா, பரப்பைப் பார்க்கிறோமா, ஓரத்து வில்லைப் பார்க்கிறோமா என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்குள் வழக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் வட்டத்தில் நுட்பமான வித்தியாசம் பிடிபடாது என்பதில் வழக்கு இல்லை. தராசு நாக்கைப் பார்த்துப் பழகின வியாபாரிக்கு இது புதிய செய்தி அல்ல. இரண்டு தட்டும் ஒரே தண்டில் தொங்கினால்தான் எடை தெரியும். ஒரு தட்டைக் கிழக்கிலும் இன்னொன்றை மேற்கிலும் வைத்துவிட்டு எது கனம் என்று கேட்டால் என்ன சொல்வது?

சாய்த்துப் போட்ட வட்டம்

இனி கண் தானாகத் தடுமாறுவது போக, தடுமாற வைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. வட்டத்தைத் தட்டையாக வைக்காமல், மேசை மேல் வைத்த பணியாரம் மாதிரி கனம் கொடுத்துச் சாய்த்து வரைவது. சாய்க்கும்போது நமக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டு பெருத்துத் தெரியும். பின்னால் இருக்கும் துண்டு சிறுத்துப் போகும்.

உலகம் அறிந்த உதாரணம், 2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய படம். அமெரிக்க ஸ்மார்ட்ஃபோன் சந்தையில் ஆப்பிளின் பங்கு 19.5 விழுக்காடு, ‘மற்றவை’ 21.2 விழுக்காடு. படத்திலோ ஆப்பிள் துண்டு முன்பக்கம் கனமாக உட்கார்ந்து, பின்னால் இருந்த ‘மற்றவை’யைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எண்கள் அச்சு அசலாக அங்கேயே எழுதியிருந்தன. பொய் ஒன்றும் சொல்லவில்லை. எண் ஒன்று சொல்ல, உருவம் வேறொன்று சொன்னது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் எதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்?

எங்கள் கடைத்தெருவுக்கும் இப்படி வருவார்கள். முதலீட்டு முகவர் ஒருவர் வழவழத்த காகிதத்தில் சாய்ந்த வட்டம் ஒன்றை விரித்து, “சார், பாதுகாப்பான இனத்தில்தான் பெரும்பகுதி” என்று முன்பக்கத் துண்டைத் தொட்டுக் காட்டினார். பின்பக்கத் துண்டில் எழுதியிருந்த எண் அதைவிடக் கூடுதல். எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். காகிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

எந்த ரூபாய்?

இதுவரை சொன்னது கண்ணின் குறை. இனிச் சொல்லப் போவது கருத்தின் குறை. அது இன்னும் பெரியது.

பழைய திருவிதாங்கூரில் சக்கரம் என்று ஒரு நாணயம் இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். நாகர்கோவில், கோட்டாறு வியாபாரிகள் திருநெல்வேலிக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த ரூபாய்?” என்பதுதான். பெயர் ஒன்று, முழுமை இரண்டு. அரைச் சக்கரம் அற்பம் என்று நினைத்தால் ஆயிரம் ரூபாயில் 500 சக்கரம் போய்விடும்.

இன்றைக்கு மத்திய பட்ஜெட்டோடு ஆண்டுதோறும் வரும் ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது, ரூபாய் எங்கே போகிறது’ என்ற வட்டப் படத்தைப் பார்க்கும்போதும் எனக்கு அதே கேள்விதான் வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் ஒரு ரூபாய்ச் செலவு இப்படிப் பிரிந்தது: மாநிலங்களின் வரிப் பங்கு 22 காசு, வட்டி 20, மத்தியத் துறைத் திட்டங்கள் 16, மத்திய அரசு நிதியுதவித் திட்டங்கள் 8, பாதுகாப்பு 8, நிதிக்குழு மற்றும் பிற மாற்றங்கள் 8, மானியங்கள் 6, ஓய்வூதியம் 4, மற்றச் செலவு 8. கூட்டினால் நூறு. சரிதான்.

அதே பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய் என்று சொன்னார்கள். வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு 25 வருகிறது. வட்டத்திலோ 20 காசு. எங்கே போயிற்று ஐந்து காசு?

எங்கும் போகவில்லை. வட்டத்தின் முழுமை 50.65 லட்சம் கோடி இல்லை. மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கு சுமார் 14.22 லட்சம் கோடி. பட்ஜெட்டின் மொத்தச் செலவுக் கணக்கில் அது சேராது; வட்டப் படத்தில் சேரும். ஆகவே வட்டத்தின் ‘ஆக’ சுமார் 64.87 லட்சம் கோடி. அதில் 12.76 என்றால் ஏறக்குறைய 20 காசு. இந்த விவரம் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகையில் படம் மறுபடி அச்சாகும்போது அடிக்குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

பாதுகாப்புச் செலவும் அப்படியே. வட்டத்தில் 8 காசு. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி, பட்ஜெட்டில் 13.45 விழுக்காடு என்று அரசே அறிவித்தது. எட்டா, பதின்மூன்றரையா? முழுமை வேறு என்பது ஒரு காரணம். படைவீரர் ஓய்வூதியம் வட்டத்தில் பாதுகாப்புத் துண்டில் இல்லாமல் ஓய்வூதியத் துண்டில் சேர்ந்திருப்பது இன்னொரு காரணம். ‘பாதுகாப்புக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்’ என்று பேசுகிறவருக்கு ஒரு எண் கிடைக்கிறது. ‘கிள்ளித்தான் கொடுக்கிறார்கள்’ என்று பேசுகிறவருக்கு இன்னொரு எண் கிடைக்கிறது. இரண்டும் அரசாங்கத்து எண்.

சமண தருக்கத்தில் ‘நயம்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருளை எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதற்குப் பெயர் அது. ஒரு கூற்றைச் சொல்லும்போது ‘ஒரு வகையில்’ என்ற பொருளில் ‘ஸ்யாத்’ என்று முன்னே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தருக்கத்தின் ஒழுங்கு. வட்டி 20 காசு என்பது ஒரு வகையில் உண்மை. 25 காசு என்பது இன்னொரு வகையில் உண்மை. எந்த வகையில் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். வட்டத்துக்கு ‘ஸ்யாத்’ சொல்ல வாய் இல்லை. முழுசாக, உருண்டையாக, இதற்கு வெளியே ஒன்றுமே இல்லை என்பது போல உட்கார்ந்திருக்கிறது.

தேர்தலிலும் இதே கதை. 2019-இல் கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 19-ஐப் பிடித்தது. இடங்களை வைத்து வட்டம் போட்டால் 95 விழுக்காடு. கிட்டத்தட்ட முழு வட்டமும் ஒரே நிறம். வாக்குகளை வைத்துப் போட்டால் 47 விழுக்காட்டுப் பக்கம். பாதி வட்டம்கூட வராது. இரண்டு படத்துக்கும் ‘கேரளத் தேர்தல் முடிவு’ என்றே தலைப்புப் போடலாம்.

முழுமையே இல்லாத வட்டமும் உண்டு. 2009 நவம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிலையம் ஒரு வட்டம் காட்டியது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக வரக்கூடியவர்களில் பேலினுக்கு 70 விழுக்காடு ஆதரவு, ஹக்கபீக்கு 63, ராம்னிக்கு 60. கூட்டினால் 193. ஒருவரே இரண்டு மூன்று பேருக்குக் கை தூக்கலாம் என்ற கேள்வியின் விடையை ஒரே வட்டத்துக்குள் அடைத்ததால் வந்த வினை. இதைப் பேரேட்டில் ஒரு குமாஸ்தா எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள்.

தேய்ந்ததா, வளர்ந்ததா?

இரண்டு ஆண்டுக் கணக்கை இரண்டு வட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது இன்னொரு வழக்கம். ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். ஒரு பாத்திரக்கடையில் போன வருஷம் மொத்த விற்பனை 1 கோடி. அதில் எவர்சில்வர் 60 லட்சம். இந்த வருஷம் மொத்தம் 1 கோடியே 20 லட்சம். எவர்சில்வர் 66 லட்சம். எவர்சில்வர் விற்பனை 6 லட்சம் கூடியிருக்கிறது. வட்டத்திலோ 60 விழுக்காடு 55 ஆகக் குறைந்து, துண்டு தேய்ந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு, “எவர்சில்வர் இறங்குமுகம், கொள்முதலைக் குறையுங்கள்” என்று பங்காளி ஒருவர் சொன்னால் அடுத்த கல்யாண சீசனில் சரக்கு இல்லாமல் கையைப் பிசைய வேண்டியதுதான். பங்கு குறைந்ததும் அளவு குறைந்ததும் ஒன்றல்ல.

பிளேஃபேர் செய்தது போல இரண்டாவது வட்டத்தைப் பெரிதாகப் போட்டால் தீருமா என்றால், ஓரளவுதான். பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும் என்பதற்காக 10 சென்டிமீட்டர் விட்டத்தை 11 ஆக்கினால் போதும். அந்த ஒரு சென்டிமீட்டரைப் பார்த்து ‘வியாபாரம் 20 லட்சம் கூடிற்று’ என்று யார் கண்டுபிடிப்பார்? நாலு பட்டை போட்டால் வேலை முடிந்தது.

‘பிற’ என்ற துண்டு

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்தின் மொழி வட்டத்தில் மலையாளம் 97 விழுக்காடு. மிச்சம் இருக்கும் மூன்று விழுக்காட்டுக்குள் தமிழ், துளு, கன்னடம், கொங்கணி, இந்தி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வட்டம் வரைபவருக்கு அத்தனை மெல்லிய துண்டுகளைத் தனித்தனியாகப் போட இடம் போதாது. ஆகவே சாம்பல் நிறத்தில் ‘பிற மொழிகள்’ என்று ஒரே கீற்று. அந்தக் கீற்றுக்குள்தான் நாம் இருக்கிறோம்.

2011 கணக்குப்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர்; மாநில மக்கள்தொகையில் ஒன்றரை விழுக்காடு. வட்டத்தில் ஐந்தரைப் பாகைகூட இல்லை. 1991-இல் அந்த எண்ணிக்கை சுமார் 6.16 லட்சம், 2001-இல் சுமார் 5.97 லட்சம். இருபது ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதே இருபது ஆண்டில் மாநில மக்கள்தொகை 2.91 கோடியிலிருந்து 3.34 கோடியாகக் கூடியது. இதை மூன்று வட்டமாகப் போட்டால் துண்டு ஏழரைப் பாகை, ஆறே முக்கால் பாகை, ஐந்தரைப் பாகை என்று போகும். பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். மூன்று பட்டையாகப் போட்டால் படி இறங்குவது குழந்தைக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்பார்கள். வட்டத்தில் மறைப்பதற்கு யாரும் பாடுபடவே வேண்டாம், அது தானே மறைந்துவிடுகிறது.

மத வட்டத்தில் என் சமூகம் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கேரளத்தில் இந்துக்கள் 54.7, முஸ்லிம்கள் 26.6, கிறித்தவர்கள் 18.4 விழுக்காடு. சமணர்கள் 4,489 பேர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓரம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கு. தலைமயிர்க் கனம்கூட இல்லை. அந்த மயிரிழைக்குள் மட்டாஞ்சேரியின் குஜராத்திக் குடும்பங்களும், வயநாட்டின் பழைய சமணக் குடிகளும், வந்தவாசி, ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர்களும் அடங்கவேண்டும். வருத்தத்தில் சொல்லவில்லை. சிறிய எண்ணுக்கு வட்டம் ஏற்ற கருவி இல்லை என்று காட்டவே சொல்கிறேன். ஒரு வரியில் ‘4,489’ என்று எழுதினால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறான்.

முழுமை எது என்பதில் மொழிக்காரர்களின் தலைவிதியே அடங்கியிருந்த காலமும் உண்டு. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தபோது, தேவிகுளம் தாலுகாவில் 1951 கணக்குப்படி தமிழர்களே பெரும்பான்மை. தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்ற எண்ணமும், வேறு பொருளாதாரக் காரணங்களும் சேர்ந்து தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் கேரளத்தோடு நிறுத்தின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பழைய வழக்கைக் கிளற இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணில் அண்ணன் தம்பியாக வாழ்கிறோம். ஆனால் யாரையெல்லாம் சேர்த்து ‘ஆக’ போடுவது என்பது வெறும் கணக்குப்பிள்ளை வேலை இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

உரிமை வட்டத்தில் இல்லை

“ஒன்றரை விழுக்காடுதானே, இவர்களுக்கு எதற்குத் தனியாக?” என்று பேச்சு வரும்போது, பேசுகிறவர் மனசில் அந்த மாநில வட்டம்தான் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளோ மாநில வட்டத்தை வைத்து வகுத்தவை அல்ல. தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, 1956-இல் சேர்த்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஏற்பாடு என்பது நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட அளவு. ஒரு வட்டாரத்தில் 15 விழுக்காடு இருந்தால் முக்கியமான அரசு அறிவிப்புகள் அந்த மொழியிலும் வரவேண்டும் என்பது இன்னொன்று. கேரளத்திலேயே 1969 ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வழி செய்கிறது.

இந்த அளவுகளைக் கவனியுங்கள். 10 பிள்ளைகள், 40 பிள்ளைகள், ஒரு வட்டாரத்தில் 15 விழுக்காடு. சட்டமும் விதியும் வைத்திருக்கும் முழுமை ஒரு வகுப்பறை, ஒரு பள்ளி, ஒரு வட்டாரம். மூணாறிலும் சித்தூரிலும் இங்கே நம் தெருக்களிலும் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. மாநில வட்டத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால், எவர்சில்வர் விலை கேட்டவனுக்குக் கடையின் மொத்த வாடகையைச் சொன்ன மாதிரி.

வட்டத்துக்காக ஒரு வார்த்தை

வட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு அல்லது மூன்று துண்டுக்குள் நிற்கும் கணக்குக்கு, அதுவும் பாதி, கால், முக்கால் என்ற அளவை ஒட்டி வரும் கணக்குக்கு வட்டம் நல்ல படம். நிலப்பரப்பில் ஆசியா எவ்வளவு, ஐரோப்பா எவ்வளவு என்று பிளேஃபேர் காட்டியது அந்த ரகம். இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்து பாதியைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கவும் வட்டம் உதவும். கூட்டணிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். அதற்கு மேல் போனால் பட்டை போடுங்கள். அதைவிட நல்லது, நாலு வரி அட்டவணை.

பார்க்கிறவர்கள் கேட்க வேண்டியவை நான்கே கேள்விதான். இதன் ‘ஆக’ எவ்வளவு? அதில் யார், எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை? துண்டெல்லாம் கூட்டினால் நூறு வருகிறதா? ‘பிற’ என்ற கீற்றுக்குள் யார் இருக்கிறார்கள்? வட்டம் சாய்ந்திருந்தால் ஐந்தாவது கேள்வி வேண்டாம், எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. தாய்மொழிக் கேள்வி வரும்போது வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, பிள்ளைகள் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்கள் வெளியானதும் மறுபடி வண்ண வட்டங்கள் வரும். அப்போது நம் சங்கங்கள் வட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்காமல், தாலுகா வாரியாக, ஊர் வாரியாக எண்ணை எடுத்துப் பட்டியல் போட்டு வைக்கவேண்டும். எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்ற பட்டியலை அதற்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாம். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவைப் போடும்போதும், படம் எதுவாக இருந்தாலும் அடியில் ‘ஆக’ என்று எழுதி மொத்தத் தொகையைப் போடச் சொல்லுங்கள்.